உடலுக்கும் உரிமை உண்டு

அல்லாஹ் மனிதனுக்கு அருளிய செல்வங்களுள் உடல்நலத்துக்கு ஒப்பானதைக் காண்பது அரிது. இழந்த பொருளை உழைத்து ஈட்டலாம். இழந்த பதவியை முயன்று பெறலாம். பழுதுபட்ட கண்ணையும் சிறுநீரகத்தையும் எந்தக் கடையில் வாங்குவது? இவ்வுடல் நமக்கு உடைமையாகக் கொடுக்கப்பட்டதன்று, அமானிதமாக ஒப்படைக்கப்பட்டது. ஒப்படைத்தவன் ஒருநாள் கணக்குக் கேட்பான் என்பது நம் ஈமானின் ஒரு பகுதி.

பகலெல்லாம் நோன்பு நோற்று, இரவெல்லாம் நின்று வணங்கி வந்த அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அழைத்து, நோற்கவும் வேண்டும், விடவும் வேண்டும் என்றும், தொழவும் வேண்டும், உறங்கவும் வேண்டும் என்றும் அறிவுறுத்தினார்கள். உடலுக்கும் கண்களுக்கும் இல்லாளுக்கும் அவர்மீது உரிமை இருக்கிறது என்று காரணமும் கூறினார்கள். இச்செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. வணக்கத்தில் வரம்பு மீறிய ஒருவருக்கே உடலின் உரிமை நினைவூட்டப்பட்டதென்றால், உணவில் வரம்பு மீறும் நமக்கு அது எத்துணை அழுத்தமாகச் சொல்லப்பட வேண்டும்!

இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட பொருள் நீரிழிவு. நடுவயதிலும் முதுமையிலும் வந்து சேரும் சர்க்கரை வியாதி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடைபெற்ற ஆய்வின் முடிவு 2023-இல் வெளியாயிற்று. இந்நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்கின்றனர் என்றும், மேலும் 13 கோடிக்கும் மேற்பட்டோர் அதன் வாசற்படியில் நிற்கின்றனர் என்றும் அது மதிப்பிட்டது. ஆயினும் நம் வீடுகளில் இதைப்பற்றி எழும் பேச்சு இரண்டே வகைதான். ஒன்று, "வயதாகிவிட்டது, சர்க்கரையும் வந்துவிட்டது, எல்லாம் நஸீபு" என்ற சலிப்பு. மற்றொன்று, "இதற்கெல்லாம் ஒரு வேர் இருக்கிறது, நாற்பதே நாளில் ஓடிவிடும்" என்ற நப்பாசை. இரண்டுமே தவறு. அதனை விளக்க, வாசகர்களைக் கொல்லிமலைக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம்.

மலை சொல்லும் செய்தி

நாமக்கல் மாவட்டத்தில் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் அமைந்தது கொல்லிமலை. வல்வில் ஓரி ஆண்ட மலையென்று சங்க இலக்கியம் கற்றோர் அறிவர். 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறினால் மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள் வாழும் ஊர்களைக் காணலாம். மலையை ஆள்பவர் என்ற பொருளில் வழங்கும் பெயர் அது. தலைமுறை தலைமுறையாக அவர்களின் உணவு சாமை, தினை, கேழ்வரகு, வரகு, பனிவரகு ஆகியவையே. சாமையில் மட்டும் வெள்ளைப் பெருஞ்சாமை, கரும்பெருஞ்சாமை, மல்லியச் சாமை, கட்டவெட்டிச் சாமை எனப் பல வகைகளை அவர்கள் பேணி வந்தனர். சரிவு நிலத்தில் உழுவதும், விளைந்ததைச் சுமந்து வருவதும், உரலில் குற்றுவதும் அவர்களின் அன்றாட வாழ்க்கை. உண்டது அத்தனையும் உழைப்பில் கரைந்தது.

கடந்த ஐம்பது ஆண்டுகளில் இந்நிலை மாறிற்று. சேலம், நாமக்கல் சமவெளியின் ஜவ்வரிசி, மாவு ஆலைகளுக்கு மரவள்ளிக் கிழங்கு தேவைப்பட்டது. அதைப் பயிரிட்டால் கையில் பணம் வந்தது. சாமை விளைந்த மேட்டு நிலங்களில் மரவள்ளி பரவிற்று. நியாயவிலைக் கடையில் அரிசி கிடைத்தது. சாமையின் உமி எளிதில் நீங்காது. அதனைக் குற்றிப் புடைப்பதற்கே பெண்கள் பல மணி நேரம் பாடுபட வேண்டும். அரிசி வந்ததும் அந்தக் கைகள் இளைப்பாறின. அதை யார் குறைகூற முடியும்?

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அம்மலையில் எவரும் ஒரு காலையில் எழுந்து, இன்று முதல் நல்லுணவை விட்டுவிடுவோம் என்று முடிவு செய்யவில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு நியாயம் இருந்தது. ஒவ்வொன்றும் ஒரு வசதியைத் தந்தது. எல்லாம் சேர்ந்தபோது வயலும் உணவும் உழைப்பும் ஒருங்கே மாறிவிட்டிருந்தன. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990-களில் அங்கே பணி தொடங்கியபோது, அழிந்துகொண்டிருந்த விதை வகைகளை மக்களோடு சேர்ந்து திரட்டினர். ஊருக்குள்ளேயே உமி நீக்கும் சிறு இயந்திரங்கள் வர வழி செய்தனர். பெண்களின் பாடு குறைந்தால்தான் சாமை பிழைக்கும் என்று கண்டது அறிவுடைமை. ஐக்கிய நாடுகள் அவை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவிப்பதற்கு வெகுகாலம் முன்பே அம்மலையில் அந்தப் பணி நடந்தது.

சமவெளியில் வாழும் நமக்கும் இதே கதைதான் நிகழ்ந்தது. அம்மியும் உரலும் போயின. நடந்து சென்ற கடைத்தெருவுக்கு வண்டியில் போகிறோம். கம்பும் கேழ்வரகும் புழங்கிய அடுக்களையில் மூன்று வேளையும் வெள்ளை அரிசியும், இரவில் மைதா புரோட்டாவும் இடம்பிடித்தன. விருந்து நாளில் நாம் காய்ச்சும் ஜவ்வரிசிப் பாயசமே சாமையின் இடத்தைப் பிடித்த அந்த மரவள்ளியிலிருந்து வந்ததுதான். ஆகவே நீரிழிவை நஸீபு என்று மட்டும் சொல்லி ஒதுக்குவது முறையன்று. வாழ்க்கை மாறிய வழியாகவே அது பெருமளவு வந்தது. வாழ்க்கையை மாற்றினால் பெருமளவு கட்டுப்படும்.

நோயின் தன்மை

உண்ட உணவு சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. வயிற்றின் பின்புறம் உள்ள கணையம் என்னும் உறுப்பு இன்சுலின் என்ற சுரப்பை அனுப்புகிறது. அதுவே சர்க்கரையைத் தசைகளுக்குள்ளும் பிற உறுப்புகளுக்குள்ளும் செலுத்தும் திறவுகோல். நடுவயதில் வரும் நீரிழிவில் முதலில் பூட்டுத் துருப்பிடிக்கிறது. அதாவது இன்சுலின் இருந்தும் உடல் அதற்கு இணங்குவதில்லை. கணையம் மேலும் மேலும் சுரந்து ஈடுகொடுக்க முயன்று, பல ஆண்டுகளில் களைத்துப்போகிறது. இடுப்பைச் சுற்றிய கொழுப்பு, உடலுழைப்பின்மை, குடும்பத்தில் வழிவழியாக வரும் வாய்ப்பு ஆகியவை இதற்குக் காரணங்கள். முன்பெல்லாம் ஐம்பதைக் கடந்தவர்களின் நோயாக இருந்தது. இன்று முப்பதுகளிலேயே காணப்படுகிறது.

அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாத மெலிவு, சோர்வு, ஆறாத புண் ஆகியவை இதன் அறிகுறிகள். ஆனால் பலருக்கு ஆண்டுக்கணக்கில் எந்த அறிகுறியும் தோன்றுவதில்லை. அதுவே இந்நோயின் வஞ்சகம். எனவே 30 வயதைக் கடந்தோர் பரிசோதனை செய்துகொள்வதே வழி. வெறும் வயிற்றில் ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 100 மில்லிகிராமுக்குக் குறைவாகச் சர்க்கரை இருத்தல் இயல்பு. 100 முதல் 125 வரை எச்சரிக்கை எல்லை. 126-உம் அதற்கு மேலும் நீரிழிவு. முந்திய இரண்டு மூன்று மாதங்களின் நிலையைக் காட்டும் ஹெச்பிஏ1சி என்ற பரிசோதனையில் 6.5 விழுக்காடும் அதற்கு மேலும் நோயைக் குறிக்கும். அறிகுறி இல்லாதவருக்கு மற்றொரு பரிசோதனையும் செய்தே மருத்துவர் உறுதிப்படுத்துவார்.

எச்சரிக்கை எல்லையில் நிற்போருக்கு ஒரு நற்செய்தி உண்டு. சென்னையில் அத்தகையோரிடையே மூன்றாண்டுக் காலம் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கம்போல் வாழ்ந்தவர்களுள் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. உணவையும் நடையையும் சீர்செய்தவர்களுள் நூற்றுக்கு 39 பேருக்கே வந்தது. மூன்றே ஆண்டுகளில், மாத்திரை இன்றிக் கிடைத்த பயன் இது. ஆனால் சீர்செய்தவர்களிலும் 39 பேருக்கு வந்தது என்பதையும் மறத்தல் ஆகாது. முயல்வது நம் கடமை; முயன்றும் நோய் வந்தவரைப் பழிப்பதற்கு எவருக்கும் உரிமையில்லை.

தானியம் உணவே, மருந்தன்று

சலிப்புக்கு விடை கண்டோம். இனி நப்பாசைக்கு வருவோம். சாமை உண்டால் சர்க்கரை போய்விடும் என்று சிலர் மாத்திரையை நிறுத்துகின்றனர். சந்தையில் விற்கும் மலைவேரைக் கசாயமிட்டுக் குடித்து ஊசியை நிறுத்துவோரும் உளர். இதனினும் ஆபத்தான செயல் வேறில்லை.

நூறு கிராம் வெள்ளை அரிசியில் மாவுச்சத்து ஏறத்தாழ 78 கிராம். நார்ச்சத்து 3 கிராம் அளவே. அதே எடைச் சாமையில் மாவுச்சத்து ஏறத்தாழ 65 கிராம்; நார்ச்சத்து 8 கிராம் அளவு. ஆகவே சாமை மேலானது என்பதில் ஐயமில்லை; சர்க்கரை அற்றது என்பதுதான் பிழை. அரிசிச் சோற்றைக் குறைத்து அதன் இடத்தில் சாமையை அளவாக வைத்தால் நன்மை. ஒரு படி சாமைச் சோறு உண்டால் தீமையே. கேழ்வரகை நைய அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சினால் அது விரைந்து செரித்து இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றிவிடும்; களியாகவோ அடையாகவோ, கீரையும் பருப்பும் சேர்த்து உண்பது தகும். தவிடு நீக்கி வெண்மையாக்கி விற்கும் சிறுதானியத்தில் நார்ச்சத்து பெரிதும் போய்விடுகிறது என்பதும் நினைவிருக்கட்டும்.

மூலிகையை இகழ்வது நம் நோக்கமன்று. இன்று உலகெங்கும் நீரிழிவுக்கு முதலில் தரப்படும் மெட்ஃபார்மின் என்ற மாத்திரையின் மூலவரலாறே ஐரோப்பாவின் ஒரு செடியில்தான் தொடங்கிற்று. ஆனால் அச்செடி அப்படியே மருந்தாகிவிடவில்லை. அதன் சத்தை ஆராய்ந்து, நச்சு நீங்கிய வடிவை உருவாக்கி, அளவு வகுத்த பின்னரே 1957-இல் பாரிசில் அது மருந்தாக அறிமுகமாயிற்று. சோதிக்கப்படாத கசாயம் சிறுநீரகத்தைக் கெடுக்கவும் கூடும். எந்த நோயையும் அதற்கான நிவாரணமின்றி அல்லாஹ் இறக்கவில்லை என்ற நபிமொழி, அந்நிவாரணத்தை முறையாகத் தேடுமாறு பணிக்கிறதே தவிர, கண்ணில் பட்டதை விழுங்கச் சொல்லவில்லை. ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே தவக்குல் வைக்குமாறு ஒரு கிராமவாசிக்கு நபிகளார் போதித்த செய்தியை நாம் அறிவோம். மாத்திரை உண்பதும், பரிசோதனை செய்வதும் ஒட்டகத்தைக் கட்டுவதே ஆகும்.

நம் வீட்டுச் சஹன்

வயிற்றின் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கும், ஒரு பங்கு நீருக்கும், ஒரு பங்கு மூச்சுக்கும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் வகுத்த அளவைவிடச் சிறந்த உணவு விதியை எந்த நூலில் காணமுடியும்? அவ்விதியை மேடையில் முழங்குகிறோம், வலீமாவில் மறக்கிறோம். பிரியாணிச் சஹனைச் சுற்றி அமர்ந்தால் எவர் எவ்வளவு உண்டார் என்ற கணக்கே இல்லாமற் போகிறது. அதற்குமேல் வட்டிலப்பம், இனிப்புப் பானம்!

வீட்டில் செய்யத்தக்கவை எளியவை. தட்டில் பாதி காய்கறியும் கீரையும், கால் பங்கு மீன், முட்டை, பருப்பு, கொழுப்பு நீக்கிய இறைச்சி இவற்றுள் ஒன்றும், எஞ்சிய கால் பங்கு மட்டும் சோறோ சிறுதானியமோ இருக்கட்டும். தேநீரில் சர்க்கரையை நிறுத்துங்கள். நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் தேனும் இரத்தத்தில் சர்க்கரையாகவே போய்ச் சேரும். புகைப்பழக்கத்தை அறவே விடுங்கள். வாரத்துக்கு 150 நிமிடமேனும் விறுவிறுப்பாக நடக்க வேண்டும் என்பது மருத்துவ விதி. பள்ளிவாசலுக்கு வண்டியை விட்டு நடந்து சென்றால், எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் நன்மை எழுதப்படுவதோடு உடலும் நலம்பெறும்.

ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். கணவருக்கும் பிள்ளைகளுக்கும் நேரந்தவறாமல் மாத்திரை எடுத்துக்கொடுக்கும் தாய், தன் இரத்தத்தை ஒருமுறையேனும் பரிசோதித்தாரா என்று எத்தனை வீடுகளில் கேட்கிறோம்? எல்லாரும் உண்டபின் மிஞ்சியதை மிஞ்சிய நேரத்தில் உண்ணுவது அவரின் பழக்கம். கருவுற்ற காலத்தில் சர்க்கரை கண்ட பெண்களுக்குப் பிற்காலத்தில் இந்நோய் வரும் வாய்ப்பு மிகுதி. வீட்டுத் தலைவர்களே, இல்லாளுக்கு உம்மீது உரிமை உண்டு என்ற நபிமொழியில் இதுவும் அடங்கும்.

ரமளானும் நோயாளியும்

நோயாளிக்கும் பயணிக்கும் நோன்பில் சலுகை உண்டென்றும், விட்டதை வேறு நாட்களில் நிறைவு செய்யலாமென்றும் திருமறையின் அல்பகறா அத்தியாயம் தெளிவாகக் கூறுகிறது. நோன்பைக் கடமையாக்கிய அதே இடத்தில் இச்சலுகையும் அருளப்பட்டிருப்பதை எண்ணிப் பாருங்கள். எனினும், "உயிரே போனாலும் நோன்பை விடமாட்டேன்" என்று பெருமை பேசுவோரும், "சர்க்கரைக்கெல்லாம் நோன்பை விடலாமா?" என்று ஏளனம் செய்வோரும் நம்மிடையே உளர்.

பயணம் ஒன்றில் தோழர் ஒருவருக்குத் தலையில் கல்லடி பட்டுக் காயமாயிற்று. குளிப்புக் கடமையானபோது, தயம்மும் செய்யச் சலுகை உண்டா என்று உடனிருந்தோரைக் கேட்டார். தண்ணீர் இருப்பதால் இல்லை என்றனர். அவர் குளித்தார், இறந்தார். இதைக் கேள்வியுற்ற பெருமானார் (ஸல்) அவர்கள் கடுஞ்சினம் கொண்டு, அவரை அவர்களே கொன்றுவிட்டதாகக் கண்டித்தார்கள். அறியாமைக்கு மருந்து கேட்டறிவதே என்று கற்பித்தார்கள். அபூதாவூதில் உள்ள இச்செய்தி, நோயாளியிடம் அறியாமல் ஃபத்வா கொடுக்கும் ஒவ்வொரு நாவையும் நடுங்கச் செய்ய வேண்டும்.

2001-இல் 13 நாடுகளில் 12,000-க்கும் மேற்பட்ட முஸ்லிம் நீரிழிவு நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. முதிர்வயது நீரிழிவு உடையோருள் நூற்றுக்கு 79 பேர் குறைந்தது 15 நாட்களேனும் நோன்பு நோற்றிருந்தனர். ஆனால் மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குச் சர்க்கரை தாழ்ந்துபோகும் நிகழ்வு அவர்களிடையே ரமளானில் ஏறத்தாழ ஏழரை மடங்காக உயர்ந்தது. எல்லா நீரிழிவு நோயாளிகளும் நோன்பை விடவேண்டும் என்பதன்று இதன் பொருள். உணவாலும் எளிய மாத்திரையாலும் நன்கு கட்டுப்பாட்டில் இருப்போர் பலர் பாதுகாப்பாக நோற்கலாம். இன்சுலின் ஊசி போடுவோர், சிறுநீரகமோ இதயமோ பழுதானோர், சர்க்கரை அடிக்கடி தாழ்ந்துபோவோர் ஆகியோர் பேராபத்தில் உள்ளவர்கள்.

எனவே ரமளானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே மருத்துவரைக் காணுங்கள். மருந்தின் அளவையும் நேரத்தையும் அவரே மாற்றித்தர வேண்டும், நாமே மாற்றலாகாது. சஹரைத் தவறவிடாமல் அதன் கடைசி நேரத்தில் உண்ணுங்கள். இஃப்தாரில் சர்பத்தையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் தவிர்த்து, ஓரிரு பேரீச்சம்பழம், நீர், அளவான நோன்புக் கஞ்சி என்று நிறுத்துங்கள். பகலிலும் சர்க்கரையைச் சோதியுங்கள். விரலில் ஒரு துளி இரத்தம் எடுப்பதால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான உலமாக்களின் கருத்து. 70-க்குக் கீழே இறங்கினாலும், 300-க்கு மேலே ஏறினாலும், நடுக்கமும் வியர்வையும் மயக்கமும் தோன்றினாலும், மஃரிபுக்கு ஐந்தே நிமிடம் இருந்தாலும் நோன்பை உடனே திறந்துவிடுங்கள். விட்ட நோன்பைப் பின்னர்க் களாச் செய்வதா, தீராத நோயென்பதால் ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யா கொடுப்பதா என்பதை ஆலிம்களிடம் கேட்டறியுங்கள்.

கால்களைக் கவனியுங்கள்

கட்டுப்படாத சர்க்கரை கண், சிறுநீரகம், இதயம், நரம்பு ஆகியவற்றை மெல்ல அரிக்கிறது. நரம்பு கெட்டால் காலில் உணர்ச்சி குன்றுகிறது. முள் தைத்தாலும் தெரிவதில்லை. சிறு புண் பெரும் புண்ணாகிக் காலை இழக்க நேர்கிறது. இங்கே நம் மார்க்கம் நமக்கொரு வாய்ப்பைத் தந்திருக்கிறது. நாள்தோறும் உளூவில் கால்களைக் கழுவி, விரல்களின் இடுக்கைக் கோதிவிடுகிறோம். அவ்வேளையில் ஒரு கணம் குனிந்து பாதத்தையும் விரலிடுக்கையும் உற்றுநோக்குங்கள். வெடிப்போ, கொப்புளமோ, நிறமாற்றமோ தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். கழுவியபின் ஈரத்தை ஒற்றித் துடையுங்கள். வெந்நீராயின் காலை வைக்குமுன் வேறொருவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஹஜ், உம்ரா செல்லும் நோயாளிகள் சுடும் தரையில் வெறுங்காலுடன் நடத்தல் கூடாது. கண்ணையும் சிறுநீரகத்தையும் ஆண்டுக்கொருமுறை சோதித்தல் வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் வசதி வேண்டுமே என்போருக்கு ஒரு சொல். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் பரிசோதனையும் மாத்திரையும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. நோயாளியின் வீட்டுக்கே மருந்தைக் கொண்டு செல்லும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தமிழக அரசு 2021-இல் தொடங்கிற்று. ஜமாஅத்தார் முன்வந்தால் ஆண்டுக்கிருமுறை ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் வளாகத்தில் ஆண்களுக்கும், மதரஸாவில் பெண்களுக்கும் பரிசோதனை முகாம் நடத்தலாம்.

கொல்லிமலையில் ஒரே நாளில் சாமை மறையவில்லை; ஒரே நாளில் அது மீளவும் இல்லை. யாரோ சிலர் ஒரு பிடி விதையைப் பேணி வைத்திருந்ததால்தான் மீட்க முடிந்தது. உங்கள் வீட்டிலும் அப்படியொரு பிடியைத் தொடங்குங்கள். இவ்வாரம் ஒரு வேளைச் சோற்றைக் குறையுங்கள். நாளை ஒரு தெரு தூரம் நடந்து செல்லுங்கள். பரிசோதிக்காதிருக்கும் ஒருவரை அழைத்துச் சென்று பரிசோதியுங்கள். அமானிதத்தைப் பேணுவோர் கூட்டத்தில் நம் அனைவரையும் சேர்த்து, நோயுற்றோருக்கு ஷிஃபாவையும் நலமுற்றோருக்கு நன்றியுணர்வையும் வல்ல நாயன் அருள்வானாக! ஆமீன்.